எந்த மாசத்துத் தண்ணி?

ஹாஸ்டலில் புளிச்சாதம் போட்ட ஒரு செவ்வாய்க்கிழமை என் ஆராய்ச்சிக் கட்டுரை இதழிலிருந்து திரும்பி வந்தது. வருஷம் 2014. வெள்ளி நானோதுகள் (கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய வெள்ளித் தூள்) ஈ.கோலை பாக்டீரியாவை எந்த அளவில் கொல்கிறது என்று ஆறு மாதம் உட்கார்ந்து அளந்து, கைடிடம் மூன்று முறை திட்டு வாங்கி, திருத்தித் திருத்தி அனுப்பியது. மதிப்பிட்ட மூன்று பேரில் இரண்டு பேர் கமா, முற்றுப்புள்ளி அளவில் ஏதோ கேட்டிருந்தார்கள். மூன்றாமவரிடம் ஒரே கேள்விதான். தலைப்பில் சுற்றுச்சூழல் என்று போட்டிருக்கிறீர்கள், சோதனை முழுக்க மில்லி-க்யூ தண்ணீரில் நடந்திருக்கிறது, இதில் சுற்றுச்சூழல் எங்கே இருக்கிறது?

மில்லி-க்யூ என்றால் லேபில் இருப்பதிலேயே சுத்தமான தண்ணீர். உப்பு இல்லை, சுண்ணாம்பு இல்லை, உயிர் இல்லை. யாரும் பார்க்காதபோது ஒரு வாய் குடித்துப் பார்த்திருக்கிறேன். நாக்கில் தண்ணீர் பட்ட மாதிரியே இல்லை. அப்படி ஒரு தண்ணீர் உலகத்தில் எந்தக் குளத்திலும் கிடையாது. அது எனக்கும் தெரியும். எல்லோரும் அதில்தான் செய்கிறார்கள் என்று நானும் செய்தேன். அந்தக் கேள்வியைப் படித்ததும் கோபம் வந்தது. கேள்வி சரி என்பதால் இன்னும் கொஞ்சம் அதிகமாக வந்தது.

வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். செங்கல்பட்டுப் பக்கம். எங்கள் ஏரிக்கு அப்பாதான் லஸ்கர். மதகைத் திறந்து மூடுவது, கரையில் எலி வளை நண்டு வளை இருக்கிறதா என்று பார்ப்பது, மழைக்காலத்தில் மிகை நீர் வழியும் கலங்கல் பக்கத்தில் ராத்திரி காவல் கிடப்பது, இந்த வேலைக்கெல்லாம் அப்போது பொதுப்பணித்துறையில் அந்தப் பெயர். திரும்பும்போது ஐந்து லிட்டர் கேனில் மதகு ஓரமாக ஏரித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். கேனில் என்னம்மா என்றார் கண்டக்டர். தண்ணி என்றேன். நம்பவில்லை. மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் கிழித்தார்.

வெள்ளி நானோதுகள் செய்வது கிட்டத்தட்ட சமையல். சோடியம் போரோஹைட்ரைடு கரைசலை ஐஸில் வைத்துக் குளிர்த்து, கலக்கிக்கொண்டே இருக்கும்போது வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சில சொட்டுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு லேசாக ஒரு மஞ்சள் ஓடும். கடைசியில் எலுமிச்சை மஞ்சள். அந்த நேரம் பார்த்துக் கலக்குவதை நிறுத்த வேண்டும். போன் வந்தது என்று வெளியே போனால் சாம்பல் நிறத்தில் வீணாய்ப் போயிருக்கும். அப்படி ஐந்தாறு தடவை போயிருக்கிறது. அந்த மஞ்சள்தான் அடையாளம். துகள்கள் தனித்தனியாக இருக்கும்வரை 400 நானோமீட்டர் பக்கத்து ஒளியை விழுங்குகின்றன, அதனால் நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது. ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்தால் நிறம் மாறும், மங்கும், கடைசியில் அடியில் கறுப்புத் தூசாக உட்கார்ந்துவிடும். கோடிக்கணக்கில் செலவழித்து வாங்கிய கருவிகள் பக்கத்து அறையில் இருந்தாலும், பாதி ஆராய்ச்சி இந்த மஞ்சளைக் கண்ணால் பார்த்தே முடிந்துவிடும்.

மூன்று கண்ணாடிக் குப்பி வைத்தேன். மூன்றிலும் அதே மஞ்சள். ஒன்றில் மில்லி-க்யூ, ஒன்றில் ஹாஸ்டல் போர்த் தண்ணீர், ஒன்றில் ஏரித் தண்ணீர். ஹாஸ்டல் போர்த் தண்ணீரைப் பற்றிச் சென்னையில் விடுதியில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் பொருக்கு கட்டும், தலை குளித்தால் முடி தேங்காய் நாராகும். அந்தக் குப்பி பத்து நிமிஷத்தில் பழுப்பேறி, அரை மணியில் சாம்பலாகி, மறுநாள் காலையில் அடியில் கறுப்பு, மேலே வெறும் தண்ணீர். எதிர்பார்த்ததுதான். ஏரித் தண்ணீர்க் குப்பியும் அப்படித்தான் ஆகும் என்று நினைத்தேன். அதிலும் உப்பு இருக்கிறது, சுண்ணாம்பு இருக்கிறது. ஆகவில்லை. மறுநாளும் மஞ்சள். மறு வாரமும் மஞ்சள். மூன்று வாரம் ஜன்னலோரம் அப்படியே நின்றது.

"ஏதோ கன்டாமினேஷன், மறுபடி செய்" என்றார் கைடு. அவருக்கு எல்லாமே கன்டாமினேஷன். ஆனால் யோசித்துப் பார்த்தால் சொன்னது சரி. ஏரித் தண்ணீரில் இருந்த அந்த அழுக்குதான் விஷயமே.

இலை, வேர், வைக்கோல், செத்த பாசி, புழு, பூச்சி எல்லாம் தண்ணீரில் மக்கி, நுண்ணுயிர் தின்றது போக மிச்சமாக ஒரு சாறு நிற்கிறது. எல்லா ஆற்றிலும் ஏரியிலும் கொஞ்சமாவது இருக்கும். புத்தகத்தில் இயற்கைக் கரிமப் பொருள் என்று போடுவார்கள். லேபில் நாங்கள் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'நோம்' என்போம். எனக்குப் பிடித்த பெயர் மக்குச் சாறு. புத்தி இல்லாதவரைத்தான் மக்கு என்று திட்டுகிறோம். ஆனால் இந்த மக்குக்குப் பிடிபடாத வேலை கிடையாது. இதற்கென்று ஒரே ஒரு மூலக்கூறு வாய்பாடு கிடையாது. ஆயிரக்கணக்கான விதமான மூலக்கூறுகள் கூட்டமாக இருக்கின்றன. வேதியியல்காரர்கள் அதை அமிலத்தைக் கொண்டு பிரிப்பார்கள்: நன்றாகப் புளிக்க வைத்தால் வீழ்படிவாகி அடியில் இறங்குவது ஹியூமிக் அமிலம், அப்போதும் கரைந்தே நிற்பது ஃபுல்விக் அமிலம். வாழைப்பூவை ஆய்ந்துவிட்டு நரம்பு ஒரு பக்கம், பூ ஒரு பக்கம் என்று வைப்பதைப் போல, வசதிக்கான பிரிவு.

துகள் தண்ணீரில் விழுந்ததும் இந்த மூலக்கூறுகள் அதன் மேல் வந்து படிகின்றன. அவற்றில் அமிலத்தன்மை தரும் கார்பாக்சில் தொகுதிகள் நிறைய. சாதாரணத் தண்ணீரில் அவை எதிர்மின் ஏற்றத்தோடு இருக்கும். ஆகவே உள்ளே வெள்ளி இருந்தாலும், டைட்டானியம் டை ஆக்சைடு இருந்தாலும், இரும்பு ஆக்சைடு இருந்தாலும் வெளியே ஒரே மாதிரிப் போர்வை. நேர்மின் ஏற்றத்தோடு போன துகள்கூடக் கட்சி மாறி எதிர்மின்னாகிவிடும். எல்லாம் எதிர்மின் என்றால் ஒன்றையொன்று தள்ளும். அதோடு, போர்வை தடிமனாக இருந்தால் நெருங்கவும் இடமில்லை. கூட்டத்தில் கம்பளி போர்த்திய இரண்டு பேர் முட்டிக்கொள்வதுபோல, உடம்பு உடம்பில் படாது. விளக்குக் கரியில் பிசின் சேர்த்து மை கூட்டியவர்களுக்கு இது பழைய வித்தை. பிசின் இல்லாவிட்டால் கரி அடியில் தங்கிவிடும்.

இந்தப் போர்வைக்கு ஆராய்ச்சிக் கட்டுரைகளில் 'ஈகோ கொரோனா' என்று பெயர். ரத்தத்தில் போன நானோதுகள் மேல் புரதம் படிவதை 2007 வாக்கில் 'புரோட்டீன் கொரோனா' என்று அழைக்க ஆரம்பித்தார்கள். அதன் தம்பி இது. 2020க்குப் பிறகு இந்த வார்த்தையைக் கல்லூரிக் கருத்தரங்கில் சொல்லும்போது பின் வரிசையில் யாராவது இருமிக் காட்டுவார்கள். பழகிவிட்டது.

கைடு சொன்னபடி மறுபடி செய்தேன். ஐப்பசியில் இரண்டு மழை பெய்த பிறகு இன்னொரு கேன் கொண்டுவந்தேன். அதே ஏரி, அதே மதகு. இந்தத் தடவை வெள்ளி இரண்டு நாளில் அடியில் போய்விட்டது. அன்று ராத்திரி வீட்டுக்குப் போன் போட்டு அழாத குறையாகப் புலம்பினேன். அம்மா, சாப்பிட்டியா என்றார். அப்பா வாங்கிப் பேசினார்.

"எந்த மாசத்துத் தண்ணிம்மா அது?"

"ரெண்டும் நம்ம ஏரித் தண்ணிதாம்ப்பா."

"ஏரி ஒண்ணுதான். தண்ணி ஒண்ணா? மொதல்ல நீ எடுத்துனு போனது நின்ன தண்ணி. இப்ப வந்தது புதுத் தண்ணி. காடு கழனியெல்லாம் அடிச்சினு செவசெவன்னு வரும். அது தெளியவே பத்து நாள் ஆவும்."

என் நோட்டில் முதல் கேனுக்கு 'ஏரி நீர் 1' என்றும் இரண்டாவதுக்கு 'ஏரி நீர் 2' என்றும் எழுதியிருந்தேன். தேதிகூட இல்லை. அன்றைக்குக் கற்றுக்கொண்டதை அதற்கு முன் எந்தப் பாடத்திட்டத்திலும் எனக்கு யாரும் சொல்லவில்லை. புதுத் தண்ணீரில் களிமண் துகள்கள் எக்கச்சக்கம். நான் போட்ட வெள்ளி அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. வெள்ளியும் வெள்ளியும் முட்டுவதற்கு முன்னால் வெள்ளி களிமண்ணில் முட்டும், ஒட்டும், களிமண் தெளியும்போது கூடவே இறங்கிவிடும். நிஜ ஆறுகளில் நானோதுகளின் கதை பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. தன் இனத்தோடு சேர்வது அபூர்வம், மண்ணோடு சேர்வதுதான் வழக்கம். சேருமா சேராதா, எவ்வளவு தூரம் மிதந்து போகும் என்பதில் மக்குச் சாற்றின் போர்வைக்குப் பெரிய பங்கு.

சரி, ஏரித் தண்ணீர் வேண்டாம், யாரும் குறை சொல்ல முடியாத ஒரு மக்குச் சாறு வேண்டும் என்று முடிவெடுத்தோம். கைடு செலவு கணக்கைப் பார்த்துவிட்டு, "ஹியூமிக் ஆசிட்தானே, உரக்கடையிலேயே கிடைக்குமே" என்றார். உண்மைதான். நம் ஊரில் பயிர் ஊக்கி என்று ஒரு லிட்டர் பாட்டிலில் விற்கிறார்கள், தார் மாதிரிக் கறுப்பாக. நெய்வேலி பழுப்பு நிலக்கரியிலிருந்துகூட எடுக்கிறார்கள். வாங்கிவந்து போட்டேன். வெள்ளி பிரமாதமாக மிதந்தது. ஒரு மாதம் ஆகியும் அசையவில்லை. சந்தோஷமாக இருந்தபோதுதான் 1986இல் வந்த ஒரு பழைய கட்டுரை கையில் கிடைத்தது: கடையில் விற்கும் ஹியூமிக் அமிலம் ஆற்று நீரிலோ மண்ணிலோ இருப்பதைப் போன்றதல்ல, அதை வைத்துத் தண்ணீரைப் பற்றி முடிவு சொல்லாதீர்கள் என்று. கோடிக்கணக்கான வருஷம் புதைந்து கிடந்த நிலக்கரியின் சாறு வேறு, போன வருஷம் உதிர்ந்த இலையின் சாறு வேறு. இதையும் அப்பாவிடம் சொன்னேன். இதுக்கு ஒரு கட்டுரையா என்பதுபோலப் பார்த்தார்.

கடைசியில் அமெரிக்காவிலிருந்து தருவித்தோம். 1981இல் தொடங்கிய பன்னாட்டு ஹியூமிக் பொருள்கள் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. உலகம் முழுக்க எல்லோரும் ஒரே சாற்றைக் கொண்டு சோதித்தால்தான் ஒருவர் முடிவை இன்னொருவர் முடிவோடு ஒப்பிட முடியும் என்று மாதிரிகளைச் சேகரித்து விற்கிறார்கள். அதில் பேர்போனது ஜார்ஜியா மாநிலத்துச் சுவானி ஆறு. ஓக்கிஃபனோக்கி என்ற பெரிய சதுப்பு நிலத்திலிருந்து அது கிளம்புகிற இடத்தில், ஃபார்கோ என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், தண்ணீரை எடுத்து, சாற்றைப் பிரித்து, உறைய வைத்து உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். என் பார்சல் எங்கோ ஒரு கிடங்கில் ஆறு வாரம் தூங்கிவிட்டு வந்தது. பெரிய அட்டைப் பெட்டி, அதற்குள் சின்னப் பெட்டி, அதற்குள் என் சுண்டு விரல் உயரத்தில் ஒரு குப்பி, அதன் அடியில் இன்ஸ்டன்ட் காபித்தூள் மாதிரி ஒரு சிட்டிகை. எடை போடும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். பார்த்துக்கொண்டிருந்த ஜூனியர் பையன் கேட்டான், "அக்கா, இது நெஜமாவே ஆத்துத் தண்ணி அழுக்கா?"

2019இல் அந்த ஆற்றையே பார்த்தேன். ஜார்ஜியாவில் கொஞ்ச நாள் வேலை. ஒரு சனிக்கிழமை நண்பர்களை நச்சரித்து நாலு மணி நேரம் கார் ஓட்ட வைத்துக் கூட்டிப்போனேன். அவர்களுக்கு முதலை பார்க்க ஆசை, எனக்குத் தண்ணீர். தூரத்திலிருந்து பார்த்தால் மை மாதிரிக் கறுப்பு. வானமும் சைப்ரஸ் மரங்களும் கண்ணாடிபோலத் தலைகீழாகத் தெரியும். கையை உள்ளே விட்டேன். மணிக்கட்டு வரை டீ நிறம், முழங்கை வரை விட்டதும் விரல்கள் மருதாணி வைத்த மாதிரிச் செவந்து தெரிந்தன. ஆனால் கலங்கல் இல்லை. துளிகூட மண் இல்லை. கடுங்காப்பி மாதிரி தெளிவான கறுப்பு. சுண்ணாம்பும் உப்பும் மிகக் குறைவு, அமிலத்தன்மை அதிகம். நம் ஏரியைப் பார்த்து வளர்ந்தவளுக்கு நிறமான தண்ணீர் என்றாலே மண் தண்ணீர்தான். அந்த இரண்டும் வேறு வேறு என்பது அந்தக் கை சிவந்தபோதுதான் உடம்பில் உறைத்தது.

இந்த ஆற்றை வைத்து நடந்த ஒரு சோதனை, இந்தத் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். 2007இல் ஜார்ஜியா டெக்கில் ஜேஹோங் கிம்மின் குழு கரி (கார்பன்) நானோகுழாய்களை எடுத்துக்கொண்டது. கரிக் குழாய் தண்ணீரில் ஒட்டவே ஒட்டாத பொருள். ஏரியில் விழுந்தால் கட்டி கட்டியாக அடியில் போய்விடும், கவலைப்பட வேண்டாம் என்று அப்போது பலர் நினைத்திருந்தார்கள். கிம் குழுவினர் பொடியிலிருந்து செய்த கரைசலில் மட்டுமல்லாமல், அசல் சுவானி ஆற்றுத் தண்ணீரிலும் போட்டுக் கலக்கினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் மிதந்தது. லேபில் இதற்கென்றே வைத்திருக்கும் சோப்பு, சோடியம் டோடெசில் சல்பேட், அதன் ஒரு சதவீதக் கரைசலைவிட ஆற்றுத் தண்ணீர் அதிகக் குழாய்களைத் தூக்கி நிறுத்தியது. மனிதன் செய்த சோப்பை மக்கின இலை தோற்கடித்துவிட்டது.

ஆனால் இதையே பிடித்துக்கொண்டு மக்குச் சாறு இருந்தால் துகள் மிதக்கும் என்று எழுதிவிட முடியாது. சுண்ணாம்பு குறுக்கே வரும். சுண்ணாம்பில் இருக்கும் கால்சியத்துக்கு இரட்டை ஏற்றம். ஒற்றை ஏற்றமுள்ள சோடியத்தோடு ஒப்பிட்டால் கூழ்மத்தை, அதாவது மிதக்கும் நுண்துகள்களை, திரட்டுவதில் அது பல மடங்கு கெட்டிக்காரன். பாடப்புத்தகத்துக் கணக்கில் இரண்டின் ஆறாம் அடுக்கு, அதாவது 64 மடங்கு வரை. அதோடு, கால்சியம் இரண்டு கையாலும் இரண்டு கார்பாக்சில் தொகுதிகளைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கையில் இந்தத் துகளின் போர்வை, இன்னொரு கையில் அந்தத் துகளின் போர்வை. தள்ளிவைக்க வந்த போர்வையே இப்போது முடிச்சாகிவிடுகிறது. 60 கார்பன் அணுக்கள் பந்து மாதிரிக் கோர்த்த ஃபுல்லரீன் சி60 துகள்களில் இதை மேனகெம் எலிமெலக்கும் காய் லூன் சென்னும் 2007இல் காட்டினார்கள்: சோடியம் உப்பிலும் குறைந்த கால்சியத்திலும் ஹியூமிக் அமிலம் துகள்களைப் பிரித்து வைத்தது, கால்சியம் கூடியதும் அதே ஹியூமிக் அமிலம் அவற்றை வேகமாகத் திரட்டியது.

இதைப் படித்தபோது எனக்கு அத்தை ஞாபகம் வந்தது. ஐப்பசித் தண்ணீர் செவசெவ என்று வரும்போது பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையைத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றி வைப்பார். காலையில் மண் அடியில், மேலே தெளிவு. தேத்தாங்கொட்டையும் கரிமப் பொருள்தான். ஆனால் அதில் இருப்பது நீளமான சர்க்கரைச் சங்கிலிகள். ஒரு முனை ஒரு மண் துகளில், மறு முனை இன்னொன்றில் என்று மாலையாகக் கோர்த்துக் கனமாக்கி இறக்கிவிடுகின்றன. ஹியூமிக் மூலக்கூறு குட்டை, துகளைச் சுற்றிப் படுத்துக்கொள்ளும். தேத்தாங்கொட்டையைப் போலவே பாசி சுரக்கும் சங்கிலியும் நீளம், இரண்டு துகளுக்கு நடுவே எட்டும். இரண்டையும் கரிமக் கார்பன் இத்தனை மில்லிகிராம் என்று ஒரே எண்ணில் அடக்கிவிட்டு, கரிமப் பொருளின் விளைவு என்று தலைப்பு போட்டு வரும் கட்டுரைகளைக் கண்டால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான்.

மிதக்கிறதா மூழ்குகிறதா என்பது பாதிக் கதை. வெள்ளி விஷயத்தில் இன்னொரு பாதி, அது வெள்ளியாகவே இருக்கிறதா என்பது. ஆக்சிஜன் இருக்கும் தண்ணீரில் வெள்ளித் துகள் மெல்லக் கரைந்து வெள்ளி அயனியை, அதாவது மின்னேற்றம் பெற்ற வெள்ளி அணுவை, விடும். பாக்டீரியாவைக் கொல்வதில் முக்கியப் பங்கு அந்த அயனிக்குத்தான். மக்குச் சாறு அந்தக் கரைதலை மந்தப்படுத்துகிறது. கரைந்து வந்த அயனியையும், தன்னிடம் இருக்கும் கந்தகத் தொகுதிகளால் கட்டிப் போடுகிறது. என் ஈ.கோலை சோதனையை ஏரித் தண்ணீரில் மறுபடி செய்தபோது மில்லி-க்யூவில் கூண்டோடு செத்த அளவுக்கு இங்கே பாதிக்கு மேல் பிழைத்துக்கொண்டன. ஆறு மாத வேலை என்று முதல் பத்தியில் புலம்பினேனே, அது இப்படிப் போனது. எனக்கு இன்னும் வியப்பு தருவது அடுத்த செய்தி: சில ஹியூமிக் அமிலங்கள் அறை வெப்பநிலையிலேயே சில நாள்களில் வெள்ளி அயனியை மறுபடி வெள்ளித் துகளாக ஆக்கிவிடும் என்று 2011இல் காட்டினார்கள். வெயில் பட்டால் இன்னும் சுலபம். நான் ஐஸும் போரோஹைட்ரைடுமாகக் கஷ்டப்பட்டுச் செய்ததை ஏதோ ஒரு சதுப்பு நிலம் வெயிலில் படுத்துக்கொண்டு செய்கிறது. இந்தத் துகள்களைச் செயற்கை என்று சொல்லும்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது.

சாக்கடையில் கதை வேறு. முட்டை அழுகின வாடை அடிக்கும் இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது. வெள்ளி அதைப் பார்த்ததும் வெள்ளி சல்பைடாகிவிடும். கொலுசு கறுத்துப்போவது இதே வேதிவினைதான். சல்பைடு ஆனபிறகு வெள்ளி சுலபத்தில் கரையாது, விஷமும் வெகுவாகக் குறையும். அதனால்தான், 2008இல் அரிசோனாவில் நானோ வெள்ளி போட்ட சாக்ஸைத் துவைத்துப் பார்த்தபோது சிலவற்றிலிருந்து வெள்ளி தாராளமாகத் தண்ணீரில் இறங்கியது, சிலவற்றிலிருந்து இறங்கவேயில்லை என்று வந்த செய்தியைப் பார்த்து உறவினர்கள் கேட்டால், வெள்ளி இறங்குவது மட்டும் போதாது, அது எந்தச் சாக்கடை வழியாக எந்தத் தண்ணீருக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்பேன். சித்தப்பாவுக்கு இந்தப் பதில் பிடிக்காது. "நல்லதா கெட்டதா, அத சொல்லு" என்பார். திண்ணையில் நானோ யூரியா பாட்டில் இருக்கும். அதைப் பற்றியும் இதே கேள்விதான்.

குப்பியில் பார்ப்பது போதாது என்று கனடாவில் ஒரு ஏரியையே சோதனைக்கு எடுத்தார்கள். ஆன்டாரியோவில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் இருக்கின்றன, பெயருக்குப் பதில் எண்கள். 222ஆம் எண் ஏரியில் 2014, 2015 இரண்டு வருஷமும் பனி உருகிய மாதங்களில் மொத்தம் 15 கிலோ நானோ வெள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதக்கவில்லை. ஆனால் மீன்களின் ஈரலில் வெள்ளி ஏறியிருந்தது. மஞ்சள் பெர்ச் என்ற மீன் எண்ணிக்கையில் குறைந்தது, இரை எடுப்பதும் குறைந்தது. லேப் குப்பி சொல்லும் பயங்கரமும் இல்லை, ஒன்றும் ஆகாது என்கிற விளம்பரமும் இல்லை. எங்கள் கைடு அந்தச் செய்தியை அச்செடுத்து லேப் கதவில் ஒட்டினார். 15 கிலோ வெள்ளி என்ன விலை என்று கணக்குப் போட்டு யாரோ கீழே பென்சிலில் எழுதியிருந்தார்கள்.

நான் ஏரி முழுக்க வெள்ளி போட முடியாது. அப்பாவைக் கேட்டேன். 2015 ஐப்பசியிலிருந்து மாதம் ஒரு பாட்டில், ஒரே இடம், ஒரே நேரம். ஒத்துக்கொண்டார். நான் கொடுத்த லேபிளில் தேதி, நேரம், வெப்பநிலை என்று கட்டம் போட்டிருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு ஓரத்தில் தன் பாணியில் எழுதுவார். 'ஐப்பசி, புதுத் தண்ணி, பெரிய மதகு.' 'கார்த்திகை, கலங்கல் போகுது, ரெண்டு நாளா தூக்கம் இல்லை.' அது 2015 வெள்ளம். சென்னை முழுகியிருந்த அந்த வாரத்தில் கரையில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர், நடுவில் எனக்குப் பாட்டிலும் பிடித்து வைத்திருக்கிறார். அம்மா சொல்லித்தான் தெரியும்.

அந்த வரிசை பேசியது. ஐப்பசி, கார்த்திகை: வெள்ளி களிமண்ணோடு கீழே. மார்கழி, தை: மண் தெளிந்து, முங்கிய புல்லும் இலையும் மக்கின சாறு லேசான டீ நிறத்தில், வெள்ளி வாரக்கணக்கில் மஞ்சளாக நின்றது. மாசி, பங்குனி: தண்ணீர் வற்ற வற்ற உப்பும் சுண்ணாம்பும் ஏறின, மஞ்சள் நாலைந்து நாளில் மங்கியது. அதே ஏரி, அதே வெள்ளி. 'ஏரி நீர்' என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் இவை எல்லாவற்றுக்கும் சராசரி போட்டு ஒன்றுக்கும் உதவாத ஒரு எண் வந்திருக்கும்.

2016 சித்திரைப் பாட்டில் மட்டும் இன்றுவரை உறுத்துகிறது. லேபிளில் 'சித்திரை, பாசி, நாத்தம்' என்று இருந்தது. தண்ணீர் கரும்பச்சை. வடிகட்டின பிறகும் வழவழப்பு. வெள்ளியை விட்டதும் ஒரு மணி நேரத்துக்குள் திரிந்த பால் மாதிரி நூல் நூலாகப் பிரிந்தது. போர்த் தண்ணீரில் பார்த்த தூசி இல்லை, வேறு மாதிரி. குப்பியைச் சாய்த்தால் நூல்கள் மெதுவாக அசைந்தன. பாசி சுரந்த நீளச் சங்கிலி, ஏறிப்போன கால்சியம், இரண்டும் சேர்ந்து அத்தையின் தேத்தாங்கொட்டை வேலையைச் செய்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். நிரூபிக்க இன்னும் ஒரு சித்திரை வேண்டும். ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவு எழுதக்கூடாது என்று ஆய்வுக் குழுவில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 சித்திரையில் போன் பண்ணினபோது, பின்னால் பசங்கள் சத்தம் கேட்டது. எங்கே இருக்கீங்கப்பா என்றேன். ஏரிக்குள்தான் நிற்கிறார், நடு ஏரியில் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

"தண்ணி இல்லம்மா. மண்ணு வேணா அனுப்பட்டுமா?"

சிரித்துக்கொண்டே சரி என்றேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஒரு யூரியாச் சாக்கு வந்து இறங்கியது. அதே கண்டக்டர். இந்தத் தடவை அவர் மோந்து பார்க்கவில்லை.